கோர்வைத் தறியும் கணிப்பொறியின் செயலியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்பர் நம் முன்னோர். ஓர் எறும்பால் ஆகாததைப் பல எறும்புகள் செய்து முடிக்கும். இன்று அறிவியலாரும் இவ்வழியைக் கையாளுகின்றனர். ஒரு பெருங்கணக்கைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, உலகெங்கும் வீடுகளில் சும்மா கிடக்கும் கணிப்பொறிகளுக்கு இணையத்தின் வழியே அனுப்பி, விடைகளைத் திரும்பப் பெறுகின்றனர். இதனைப் பகிர்வுக் கணிப்பு எனலாம். இப்பணிக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே கணிப்பொறி வாங்குவதாயின், எந்தச் செயலியைத் தேர்ந்தெடுப்பது? இக்கேள்வி சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் எழுந்தது. விடை தேடியபோது நான் கற்றவற்றை மாணவ நண்பர்களுக்குக் கூற விழைகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா பட்டு நெசவாளர். அம்மா மகளிர் குழுவில் சேர்த்து வைத்த ரூ.30,000 தான் எங்கள் கையிருப்பு. பிளஸ் டூ படிக்கும் தம்பிக்கு விளையாட வேண்டும். எனக்கோ ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’ திட்டத்தில் சேர ஆசை. 2005-இல் தொடங்கிய அத்திட்டம், ஈர்ப்பலைகளையும் பல்சார் எனப்படும் துடிப்பு விண்மீன்களையும் தேடுகிறது. அரெசிபோ வானொலித் தொலைநோக்கி பதிவு செய்த தரவுகளிலிருந்து ஒரு புதிய பல்சாரை அது கண்டறிந்த செய்தி 2010-இல் வெளியாயிற்று. கண்டுபிடித்தவை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியரின் கணிப்பொறியும், ஜெர்மனியில் ஒருவரின் கணிப்பொறியும் ஆகும். சாதாரண மக்கள் வீட்டுக் கருவியால் விண்மீன் அகப்பட்டது என்பதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

விளையாட்டு கேட்பது என்ன?

செயலிக்குள் ‘கோர்’ எனப்படும் பல கணக்கிடும் பகுதிகள் உள்ளன. கோர்கள் கூடக் கூட வேகமும் அதே அளவில் கூடும் என்று பலர் எண்ணுகிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் எண்ணத்தைத் திருத்தியது எங்கள் தறிதான்.

கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடா, ஆக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. அப்பா தறியில் அமர, ஒரு பக்கத்துக் கரை நாடாவை நான் கொடுப்பேன். நான் சற்றுத் தாமதித்தால் அப்பாவும் காத்திருக்க வேண்டும். இன்னும் நான்கு பேரை அருகில் உட்கார வைத்தாலும் அந்தச் சேலை விரைவில் முடியாது.

விளையாட்டும் அத்தகையதே. திரையில் ஒரு நொடிக்கு 60 காட்சிகள் தோன்ற வேண்டுமாயின், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16.7 மில்லி நொடியில் முடிய வேண்டும். அதில் ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே செய்யத்தக்க வேலைகள் பல. இதனை ஜீன் ஆம்டால் என்பவர் 1967-லேயே எடுத்துரைத்தார். ஒரு வேலையில் பாதி பிரிக்க முடியாததாயின், 6 கோர்களால் அது 1.71 மடங்கு விரைவாகும். 12 கோர்கள் இருப்பினும் 1.85 மடங்கே. ஆகவே விளையாட்டுக்கு ஒவ்வொரு கோரும் தனித்து விரைவாக இருப்பதே முதன்மையானது. அடுத்தது கேஷ் நினைவகம். தார் சுற்றிய கூடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நெசவு நிற்காதல்லவா? செயலிக்குக் கேஷ் அத்தகைய கூடை. 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலி 96 மெகாபைட் கேஷைக் கொண்டே விளையாட்டில் பெயர் பெற்றது.

பகிர்வுக் கணிப்பு கேட்பது என்ன?

பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றில் பத்துத் தறிகள் இருந்தால் பத்துச் சேலைகள் தனித்தனியே வளரும். ஒரு தறி மற்றொன்றுக்காகக் காத்திராது. பகிர்வுக் கணிப்பின் கூறுகளும் அவ்வாறே. இங்கு ஒவ்வொரு கோரும் பயன்படும். ஆனால் விளையாட்டு ஒரு மணி நேரத்தில் முடியும். இதுவோ நாள் முழுதும் ஓடக்கூடியது. எனவே ‘எவ்வளவு வேகம்?’ என்பதோடு, ‘ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு வேலை?’ என்றும் கேட்க வேண்டும்.

கணிப்பொறி 100 வாட் எடுப்பதாகக் கொள்வோம். இடைவிடாது ஓடினால் நாளொன்றுக்கு 2.4 யூனிட், 60 நாட்களில் 144 யூனிட். இரவில் 6 மணி நேரம் மட்டும் ஓடினால் 36 யூனிட். நெசவாளர் வீட்டில் இவ்வேறுபாடு சிறிதன்று.

எங்கள் தேர்வு

தம்பியும் நானும் சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்றோம். எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. ரைசன் 9 5900எக்ஸ்: 12 கோர், 105 வாட். ரைசன் 5 5600: 6 கோர், 65 வாட், 32 மெகாபைட் கேஷ். ரைசன் 5 5600ஜி: 6 கோர், 65 வாட், கேஷ் 16 மெகாபைட் மட்டுமே. முதல் இரண்டிலும் திரையில் படம் காட்டும் பகுதி இல்லை. தனியே கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். மூன்றாவதில் அது உள்ளேயே அமைந்துள்ளது.

தம்பி 12 கோரை ஆசையுடன் பார்த்தான். அதை வாங்கினால் கார்டுக்குப் பணமில்லை. கார்டின்றித் திரை இருண்டே கிடக்கும். 5600ஜி வாங்கினோம். எளிய விளையாட்டுகள் நன்றாகவே ஓடுகின்றன. பெரியவற்றைக் காட்சித் தரம் குறைத்து ஆடுகிறான். மூன்று செயலிகளும் ஏஎம்4 என்னும் ஒரே இருக்கையில் பொருந்துபவை. ஆதலால் பின்னாளில் பலகையை மாற்றாமலே செயலியை மட்டும் மாற்ற இயலும். ஆயினும் அடுத்துப் பணம் சேர்ந்தால் கிராபிக்ஸ் கார்டுதான் வாங்குவோம். அது விளையாட்டுக்கும் உதவும், கணிப்புக்கும் உதவும். 2024-இல் அறியப்பட்ட 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணைக் கண்டுபிடித்தது கிராபிக்ஸ் செயலிதான்.

இரவு 10 மணி முதல் 4 மணி வரை மட்டும் பணி நடக்குமாறு அமைத்தேன். மின்சாரம் தடைப்பட்டாலும் இடையிடையே சேமித்த இடத்திலிருந்து கணக்கு தொடர்கிறது. நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கல்லூரி ஆய்வகக் கணிப்பொறிகளில் அனுமதியின்றி இதனை நிறுவாதீர்கள். அந்த மின்சாரம் நம்முடையதன்று.

முதல் நாள் இரவு, விசிறி ஓசை கேட்டு அப்பா எழுந்து வந்தார்.

“ஏம்மா, யாருக்கு இது வேலை செய்யுது? கூலி யார் குடுப்பாங்க?”

“கூலி கிடையாதுப்பா. வானத்துல ஒரு நட்சத்திரத்தைத் தேடறாங்க. நாமும் கொஞ்சம் தேடிக் குடுக்கறோம்.”

சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “தேர் வடம் பிடிக்கறதுக்கு யாராவது கூலி கேக்கறாங்களா? ஓடட்டும், விடு. கரண்டு பில்லை மட்டும் பாத்துக்கோ” என்று சொல்லிப் படுக்கச் சென்றார்.

இதுவரை எங்கள் கணிப்பொறி எந்த விண்மீனையும் கண்டுபிடிக்கவில்லை. ‘இந்தக் கூற்றில் இல்லை’ என்ற விடைகளையே அனுப்பிக்கொண்டிருக்கிறது. இல்லாத இடத்தை இல்லை என்று உறுதி செய்வதும் ஆராய்ச்சியே என்பதை இப்போது உணர்கிறேன். ஆகவே நண்பர்களே, செயலி வாங்கச் செல்லுமுன் கோர்களை எண்ணாதீர்கள். உங்கள் வேலையை எண்ணுங்கள். அது ஒரு கோர்வைச் சேலையா, ஒரு தெருவின் பல தறிகளா என்று தெளிந்துகொண்டால், பாதித் தேர்வு வீட்டிலேயே முடிந்துவிடும்.