பழைய இயந்திரமும் உதிரி பாகமும்

கேள்வி: பல வருஷம் உழைத்த எங்கள் வாஷிங் மெஷினுக்கு இனி பாகம் கிடைக்காது என்கிறார்கள். புதிது வாங்கத்தான் வேண்டுமா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவசியமில்லை, அம்மா. பழுதானது எந்தப் பாகம் என்பதை முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். பெல்ட், கெபாசிட்டர், தண்ணீர் வெளியேற்றும் பம்பு முதலியவை பெரும்பாலும் பல மாடல்களுக்குப் பொதுவாக இருப்பதால், அளவு ஒத்திருந்தால் சாதாரணக் கடைகளிலேயே அகப்படும். கதவு ரப்பரும் எலெக்ட்ரானிக் போர்டும் அந்தந்த மாடலுக்கென்றே பிரத்தியேகமாகச் செய்யப்படுகிறவையாதலால், உற்பத்தி நின்ற சில வருஷங்களில் அருகிவிடுகின்றன. ஆயினும் போர்டைக் கழற்றி, கெட்டுப்போன ரிலேயை மட்டும் மாற்றித் தரும் சமர்த்தர்கள் இன்றும் உண்டு. தொட்டியையே பிரிக்க முடியாதபடி ஒட்டிவிடும் மாடல்களில்தான், பேரிங் ஒன்று தேய்ந்ததற்காகத் தொட்டி முழுவதையும் மாற்ற வேண்டிய அநியாயம் நேருகிறது.

ஐரோப்பிய யூனியனில், ஒரு மாடலின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்தபின் குறைந்தது 10 ஆண்டுகள் முக்கிய பாகங்களைத் தரவேண்டும் என்ற விதி 2021 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. நம் தேசத்தில் 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் அரசாங்க இணையதளம் தொடங்கப்பட்டது. ஆனால் நமக்கு வேண்டியது, அத்தகைய கால வரையறையைக் கட்டாயமாக்கும் சட்டமே. உழைக்கும் சக்தியுள்ள பொருளைக் குப்பையாக்குவது குடும்பத்துக்கும் பூமிக்கும் நஷ்டம்.