செய்தித்தாளும் பிள்ளைகளின் பணப்பாடமும்

பணவீக்கம், வட்டி, நாணயமாற்று வீதம் என்னும் சொற்களைப் பிள்ளைகள் பரீட்சைக்காக மனனஞ் செய்கிறார்கள், பின்பு மறந்துவிடுகிறார்கள். ஆனால் 2022ஆம் ஆண்டின் மண்ணெண்ணெய் வரிசையையும் பாண் விலையையும் அவர்கள் மறக்கவில்லை. ஆசிரியர்களே, பெற்றோர்களே, அவ்வாண்டின் செய்திகளையே பாடமாக்கிப் பாருங்கள்.

முதலாவது பாடம் - பணவீக்கம்

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம். இதனைக் கரும்பலகையில் எழுதி, "ஒரு வருடத்துக்கு முன் 10,000 ரூபாவுக்கு வாங்கிய சாமான்களுக்கு இப்போது எவ்வளவு வேண்டும்?" என்று கேளுங்கள். விடை 16,980 ரூபா. அப்படியாயின் அலுமாரியில் பூட்டிவைத்த 10,000 ரூபாவுக்கு என்ன நடந்தது? முந்திய வருடம் ஏறக்குறைய 5,900 ரூபாவுக்குக் கிடைத்த சாமானே இப்போது அதற்குக் கிடைக்கும். கள்வன் வரவில்லை, ஒரு தாளும் குறையவில்லை. ஆயினும் சேமிப்பு தேய்ந்துவிட்டது.

2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதமாகக் குறைந்தது. விலைகள் பழைய நிலைக்கு வந்தனவா? பெரியோர் பலரும் இவ்விடத்தில் தவறிவிடுவர். அதே சாமான்கள் ஏறக்குறைய 17,200 ரூபாவாயின. விலை ஏறும் வேகந்தான் குறைந்தது, விலை இறங்கவில்லை. ஆகவே பழைய விலை திரும்பிவரும் என்று நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிடலாகாது.

இரண்டாவது பாடம் - நாணயமாற்று

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. வீட்டுச் சாமான்களை உள்நாட்டுப் பொருள், வெளிநாட்டுப் பொருள் எனப் பிள்ளைகள் இரண்டாகப் பிரித்து எழுதட்டும். கோதுமை மாவும் பருப்பும் ஏன் விலையேறின என்பது தானாகவே விளங்கும். அரிசி எமது வயலில் விளைவதாயிற்றே என்று ஒரு பிள்ளை கேட்டால், அதுவே நல்ல கேள்வி. உழவு இயந்திரத்துக்கு டீசல் வேண்டும், பயிருக்குப் பசளை வேண்டும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதால் விளைச்சலும் குன்றியது.

மூன்றாவது பாடம் - வட்டி

2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. இதனால் வைப்புக்கும் கடனுக்கும் வட்டி கூடியது. 10,000 ரூபா வைப்புக்கு 20 சதவீத வட்டி கிடைத்தால் வருட முடிவில் 12,000 ரூபா. ஆனால் அதே காலத்தில் சாமான்களின் விலை 16,980 ஆகியிருந்தால், இது இலாபமா நட்டமா? மாறாக, "மாதம் நூற்றுக்கு ஐந்து" என்று வாங்கும் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். காதுக்குச் சிறிதாகக் கேட்கும் இவ்வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு அறுபது. கையொப்பமிடுமுன் இந்தப் பெருக்கலைச் செய்யத் தெரிந்த பிள்ளை, நாளை தன் குடும்பத்தைக் காப்பாற்றும்.

ஆசிரியர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். எவருடைய வீட்டுக் கடனையும், அடகுவைத்த நகையையும் வகுப்பில் கேட்கவேண்டாம். கற்பனைக் குடும்பம் ஒன்றின் வரவு செலவை வைத்தே கணக்குச் செய்யுங்கள்.

வீட்டில் செய்வதற்கு

1. இம்மாதக் கடைச் சிட்டைகளைச் சேர்த்துவைத்து, அடுத்த மாதச் சிட்டைகளுடன் ஒப்பிடுங்கள்.

2. இவ்வாரப் பத்திரிகையில் எமது அடுப்படியைத் தொடும் செய்தி எது? ஏன்?

3. வருமானம் கூடாமல் விலை மட்டும் கூடினால், எச்செலவை முதலிற் குறைக்கலாம்? எதனைக் குறைக்கவே கூடாது? பிள்ளைகளின் விடையையும் கேளுங்கள்.