கூரை நீரைத் தொட்டியில் சேர்ப்போம்

நம் நாட்டின் வடகிழக்கு மூலையில் மிசோரம் மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகரம் ஐஸ்வால். அது மலை முகட்டின் மேல் அமைந்த ஊர். ஊர் உயரத்தில் இருக்கிறது. ஆறு வெகு கீழே ஓடுகிறது. த்லாங் என்ற அந்த ஆற்றின் தண்ணீரை ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம் ஏற்றினால்தான் குழாயில் தண்ணீர் வரும்.

மலைச் சரிவில் சிறு ஊற்றுகள் உண்டு. மிசோ மக்கள் அவற்றைத் துய்குர் என்பார்கள். மழை இல்லாத மாதங்களில் ஊற்று மெலிந்துவிடும். அப்போது தண்ணீருக்காகக் காத்திருந்து, சுமந்துகொண்டு மேலே ஏற வேண்டும். யார் சுமப்பது? நம் ஊரைப் போலத்தான். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்.

ஆனால் ஐஸ்வாலில் மழைக்குக் குறைவில்லை. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. பெய்த மழை மலையில் நிற்காமல் ஓடிவிடுகிறது. அதனால் அந்த ஊர் மக்கள் மழை ஓடுவதற்கு முன்பே பிடிக்கிறார்கள். தகரக் கூரையின் ஓரத்தில் ஒரு வாய்க்கால், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முடிவில் ஒரு தொட்டி. அங்கே வீட்டுக்கு வீடு இதைப் பார்க்கலாம்.

இதை நம் வீட்டிலும் செய்யலாம். எப்படி என்று பார்ப்போம்.

நம் கூரையில் எவ்வளவு தண்ணீர்?

ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வைத்தால் போதும்.

1 சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர் கிடைக்கும்.

ஒரு வீட்டின் கூரை 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். கூரையின் சரிவை அளக்க வேண்டாம். கூரை மூடியிருக்கும் தரையை அளந்தால் போதும்.

6 × 5 = 30 சதுர மீட்டர்.

ஒரு நாள் 20 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வானொலியில் இதை 2 சென்டிமீட்டர் என்று சொல்வார்கள்.

30 × 20 = 600 லிட்டர்.

இதில் சிறிது சிதறும், சிறிது கூரையிலேயே காயும், சிறிது வழிந்துபோகும். 5-ல் 1 பங்கு போனது என்று கழித்துவிடுவோம்.

600 – 120 = 480 லிட்டர்.

ஒரு குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்றால், இது 32 குடம். ஒரே மழையில் 32 குடம் தண்ணீர் இறவாரத்தில் சொட்டி மண்ணில் ஓடிவிடுகிறது. தெருக்குழாயில் 32 குடம் பிடிக்க எத்தனை நடை நடக்க வேண்டும்? யோசித்துப் பாருங்கள்.

வாய்க்கால் மாட்டுவது

கூரை வாய்க்காலைத் தகரத் தகட்டை வளைத்துச் செய்யலாம். 6 அங்குல பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்தும் செய்யலாம். மூங்கில் கிடைக்கும் ஊர்களில் பருத்த மூங்கிலைப் பிளந்து, கணுக்களைச் செதுக்கிவிட்டு மாட்டுகிறார்கள்.

மாட்டும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

1. சரிவு வேண்டும். 1 மீட்டர் நீளத்துக்கு 1 சென்டிமீட்டர் வீதம் இறங்க வேண்டும். 6 மீட்டர் வாய்க்காலுக்கு ஒரு முனையைவிட மறுமுனை 6 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். சரிவு இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கும். இலைகள் அழுகும்.

2. தாங்கும் கொக்கிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். மழை நேரத்தில் வாய்க்கால் கனக்கும். 1 மீட்டருக்கு ஒன்றுக்குக் குறையாமல் அடியுங்கள்.

3. கூரையின் விளிம்பு வாய்க்காலுக்குள் நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் சுவரில் இறங்கி, சுவர் ஊறிவிடும்.

மாட்டிய பிறகு மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். கூரையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். எங்கே தேங்குகிறது, எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும்.

வாய்க்காலின் தாழ்ந்த முனையில் தொட்டிக்குப் போகும் குழாயை இணைக்க வேண்டும். குழாயின் வாயில் கம்பி வலை வையுங்கள். இலையும் சருகும் உள்ளே போகாது.

அஸ்பெஸ்டாஸ் கூரை உள்ள வீடுகளில் ஓர் எச்சரிக்கை. அந்தத் தகட்டை அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள். அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும். கொக்கியை மரச் சட்டத்திலோ சுவரிலோ அடியுங்கள். ஓலைக் கூரையில் வரும் நீர் நிறம் மாறி இருக்கும். அதைக் குடிக்க வேண்டாம். துணி துவைக்கவும் செடிக்கு ஊற்றவும் வைத்துக்கொள்ளலாம்.

முதல் நீர் தொட்டிக்கு வேண்டாம்

"மழைத் தண்ணீர் வானத்திலிருந்து வருகிறது. அதில் என்ன அழுக்கு?" என்று சிலர் கேட்பார்கள். வானத்திலிருந்து வரும்போது அது நல்ல தண்ணீர்தான். கூரையில் விழுந்த பிறகுதான் அழுக்காகிறது. காக்கை எச்சம், பல்லி, எலிப் புழுக்கை, புழுதி எல்லாம் கூரையில் இருக்கின்றன. முதலில் ஓடிவரும் நீர் இவற்றைக் கழுவிக்கொண்டு வரும். அது தொட்டியில் விழுந்தால் தொட்டி முழுவதும் கெட்டுவிடும்.

ஆகவே ஒவ்வொரு மழையிலும் முதல் 1 மில்லிமீட்டர் நீரையாவது வெளியே விட வேண்டும். 30 சதுர மீட்டர் கூரைக்கு இது 30 லிட்டர், அதாவது 2 குடம். பல நாள் கழித்துப் பெய்யும் மழையில் இன்னும் கூடுதலாக விடுங்கள்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. தொட்டிக்குத் திரும்பும் இடத்தில் குழாயைப் பசை போட்டு ஒட்டாமல் செருகி மட்டும் வையுங்கள். மழை தொடங்கும்போது குழாய் வெளிப்பக்கம் திரும்பியிருக்கட்டும். நீர் தெளிந்த பிறகு தொட்டிப் பக்கம் திருப்புங்கள்.

இரவில் யார் எழுந்து திருப்புவது? அதற்கும் வழி உண்டு. தொட்டிக்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு தனிக் குழாயை இணைத்து, அதன் அடியை மூடியால் அடைத்துவிடுங்கள். முதல் நீர் அந்தக் குழாயில் போய் நிரம்பும். நிரம்பிய பிறகு வரும் நீர் தானே தொட்டிக்குப் போகும். 6 அங்குலக் குழாய் 1 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 18 லிட்டர் பிடிக்கும். மழை விட்டதும் அடி மூடியைத் திறந்து அழுக்கு நீரை வடித்துவிடுங்கள். மறந்தால் அடுத்த மழையின் அழுக்கு நேராகத் தொட்டிக்குள் போகும்.

குஜராத்தில் போர்பந்தரில் காந்தியடிகள் பிறந்த வீட்டிலும் மழைநீர்த் தொட்டி உண்டு. அது தரைக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பகுதியில் மழைக்காலத்துக்கு முன் மொட்டை மாடியைக் கழுவிச் சுத்தம் செய்வது பழைய வழக்கம். நாமும் முதல் மழைக்கு முன் கூரையையும் வாய்க்காலையும் துடைத்து வைப்போம்.

தொட்டி வைக்கும் இடம்

1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ எடை. 1000 லிட்டர் தொட்டி நிரம்பினால் 1 டன். இளகிய மண்ணில் வைத்தால் மழையில் மண் இறங்கும். தொட்டி சாய்ந்தால் பக்கத்தில் விளையாடும் குழந்தையின் கதி என்ன? ஆகவே கெட்டியான மேடை கட்டி அதன் மேல் வையுங்கள்.

தொட்டிக்கு நல்ல மூடி வேண்டும். குழந்தைகள் திறக்க முடியாதபடி பூட்டி வையுங்கள். வெளிச்சம் உள்ளே போகாவிட்டால் பாசியும் பிடிக்காது.

தண்ணீர் எடுக்கும் குழாயை அடியிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே வையுங்கள். வண்டல் அடியிலேயே தங்கிவிடும். தொட்டி நிரம்பினால் நீர் வழிய மேலே ஒரு குழாய் வேண்டும். அது நீர் உள்ளே வரும் குழாய் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். வழியும் நீரைச் சுவர் ஓரம் விடாமல் தோட்டத்துக்கோ கிணற்றுப் பக்கம் உள்ள உறிஞ்சு குழிக்கோ கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானது. அங்கே பல வீடுகளில் மழைநீரை இப்படி மண்ணுக்குள்தான் விடுகிறார்கள்.

திறந்திருக்கும் ஒவ்வொரு வாயிலும் கொசு வலை கட்டுங்கள். டெங்கு பரப்பும் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. வீட்டில் சேர்த்து வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். வெப்பமான நாளில் ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். மூடாத தொட்டி வீட்டுக்கு நோயைக் கொண்டுவரும்.

குடிக்கும் முன்

தொட்டி நீர் தெளிவாக இருந்தாலும் அதில் கிருமி இருக்கலாம். கிருமி கண்ணுக்குத் தெரியாது. துணியில் வடிகட்டினால் தூசி போகும், கிருமி போகாது. குடிக்கும் நீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, மூடி வைத்து ஆறவிட்டுக் குடியுங்கள்.

சேர்த்த நீரை எண்ணிச் செலவழிக்க வேண்டும். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் என்றால் நாளைக்கு 25 லிட்டர். 1000 லிட்டர் தொட்டி 40 நாள் வரும். குளிக்கவும் துவைக்கவும் அதையே எடுத்தால் சில நாளில் தீர்ந்துவிடும்.

பயிற்சி

1. உங்கள் வீட்டுக் கூரையின் நீளம், அகலத்தை அளந்து எழுதுங்கள். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் எத்தனை லிட்டர் கிடைக்கும்?

2. ஒரு கூரை 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். 30 மில்லிமீட்டர் மழை பெய்தது. 5-ல் 1 பங்கு கழித்தால் மீதி எவ்வளவு? அது எத்தனை குடம்?

3. முதல் நீரை ஏன் தொட்டியில் விடக் கூடாது?

4. உங்கள் வீட்டில் தண்ணீர் கொண்டுவருவது யார்? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள்.

(இரண்டாம் கணக்கின் விடை: 960 லிட்டர், 64 குடம்.)