கற்றவர் எனப்படுவார் யாவர்?

பல சமயத்தாரும் பல பாஷையாரும் கலந்து வாழுந் தேயத்திலே கற்றவர் எனப்படுவார் யாவர் என்னும் வினா, சைவப் பாடசாலை ஆசிரியர்களாகிய நமக்குப் புறம்பானதன்று. பரீட்சைச் சித்தியே கல்வி என்பாரோடு ஈண்டு வாதஞ் செய்யப் புகுந்திலேம். தன் சமயத்தை ஐயமறக் கற்று, அயலான் சமயத்தை அவ்வயலானே "ஆம், எங்கள் கொள்கை இதுவே" என ஒப்பும்படி எடுத்துரைக்க வல்லவனே கற்றவன் என்பது எமது கருத்து.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் (1822–1879) யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராயமர்ந்து, பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தபோது அவர்க்கு உறுதுணையாய் நின்றார்கள். 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். 1854 இல் வெளியிட்ட சைவ தூஷண பரிகாரத்திலே, திருக்கோயில் வழிபாட்டை இகழ்ந்தார்க்கு விடை கூறுமிடத்து, தூபதீபாதிகள் பழைய ஏற்பாட்டிலும் விதிக்கப்பட்டிருத்தலை எடுத்துக் காட்டினார்கள். பைபிளைக் கல்லாத ஒருவர் இவ்விடையைச் சொல்லியிருத்தல் கூடுமோ? நம்மவருட் பலரோ அவர்களுடைய கண்டனத்தின் சூட்டை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அதற்கு முன் அவர்கள் செய்த நெடும் படிப்பைக் கைவிட்டனர். மிஷன் பாடசாலையிற் பைபிள் வகுப்பிலிருந்து எழுந்தவன் யான். அதனால் என் நெற்றித் திருநீறு அழிந்திலது.

நிற்க. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாகச் சிவனொளிபாதமலைக்குச் செல்வோர் நம் நோர்வூட்டினூடாகவே செல்கின்றனர். மார்கழி தொடங்கி வெசாக் பௌர்ணமி வரையும் இவ்வீதியில் யாத்திரிகர் ஓய்வதில்லை. உச்சியிலுள்ள சுவடு சைவர்க்குச் சிவபெருமான் திருவடி. பௌத்தர்க்குப் புத்தர் பாதம். முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் அடி (1344 இல் இபின் பதூதா வந்தது அதற்கே). கிறிஸ்தவருட் சிலர்க்குத் தோமா அப்போஸ்தலருடையது. நம் பிள்ளை முதலாவதை மாத்திரம் அறிந்து, ஏனையவற்றைப் பொய்யென ஒரு சொல்லால் ஒதுக்குமாயின், அப்பிழை யாருடையது? சமய பாடவேளையிற் பிள்ளைகள் வெவ்வேறாகப் பிரிந்து செல்லுதல் முறையே. ஆயினும் ஒரே வாங்கிற் பத்தாண்டு உடனிருந்த கத்தோலிக்கப் பிள்ளை எதனைக் கற்கின்றது என்பதைச் சைவப்பிள்ளை அறியாது போதல் முறையன்று.

இவ்வறியாமையின் தீங்கை மலைநாட்டார்க்குப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. இத்தேயிலைத் தோட்டங்களில் உழைத்தோரை அந்நியரெனவே கண்ட 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியோர் குறை தீரப் பிறிதொரு சட்டம் 2003 இலேதான் வந்தது. அண்டையிலிருப்பவனை அறியாமலே அவனைக் குறித்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தை, அதனால் வருந்தியோரின் பேரப்பிள்ளைகளுக்கு நாமே கற்பித்தல் தகுமோ?

உயர் வகுப்பார்க்கு ஒரு பயிற்சி கூறுவாம். யாத்திரைக் காலத்திலே, சைவப்பிள்ளை கிறிஸ்து பிறப்பு ஆராதனையைப் பற்றியும், கிறிஸ்தவப்பிள்ளை சிவராத்திரி விரதத்தைப் பற்றியும், தத்தம் அபிப்பிராயங் கலவாமல் ஒவ்வொரு பக்கம் எழுதுக. முஸ்லிம் பிள்ளைகளும் இவ்வாறே. பின்பு தாள்களை மாற்றிக் கொடுக்க. ஆசிரியர் சிவப்பு மையைத் தொடவேண்டா; எவர் சமயமோ அவரே திருத்துக. எழுத்துப்பிழைகளை மாத்திரம் பின்னர் நாம் பார்த்துக்கொள்ளலாம்.