மூச்சறிதலும் உழைப்பாளியும்

நம் சங்கக் கூட்டங்களில் தம்மம் கேட்க வரும் அன்பர்களுள், புதிதாகத் திரிசரணம் ஏற்றவர்கள் நம்மிடம் வினவும் வினா ஒன்றுண்டு. "ஆனாபானசதி என்பது காட்டிலும் விகாரையிலும் வாழும் பிக்குகளுக்கு உரியதன்றோ? எட்டு மணி நேரம் யந்திரத்தின்முன் நின்றுவிட்டு வரும் எங்களுக்கு அதனால் ஆவதென்ன?" என்பர். வினா நியாயமானதே. ஆயினும் அதற்குரிய விடை பகவன் புத்தர் காட்டிய உவமையிலேயே அடங்கியிருக்கிறது.

முதலில் சொல்லைத் தெளிந்து கொள்வோம். ஆனம் உள்ளே வரும் மூச்சு. அபானம் வெளியே செல்லும் மூச்சு. சதி என்றவுடன் தமிழர்க்குச் சூழ்ச்சி என்ற பொருளே தோன்றும். கூட்டத்தில் சிலர் சிரிப்பதும் உண்டு. பாலி மொழியில் அது நினைவு, விழிப்பு எனப் பொருள்படும். ஆகவே மூச்சின்மீது வைக்கும் விழிப்பே ஆனாபானசதி.

குரு நாட்டுக் கம்மாசதம்மம் என்னும் ஊரில் பகவன் அருளிய சதிபட்டான சூத்திரத்தில் இப்பயிற்சி முதலிடம் பெற்றுள்ளது. மூச்சு நீண்டிருக்குமாயின் நீண்டதென்று அறிக, குறுகியிருக்குமாயின் குறுகியதென்று அறிக என்பதே அதன் தொடக்கம். இதனை விளக்கப் பகவன் அரசனையோ முனிவனையோ எடுத்துக்காட்டினாரில்லை. கடைசற் பட்டறையில் வேலை செய்பவனைக் காட்டினார். கயிறிட்டு இழுத்து மரத்தைச் சுழற்றிக் கடைவது பழைய முறை. கைதேர்ந்த கடைசற்காரன், தான் இழுப்பது நீண்ட இழுப்பா குறுகிய இழுப்பா என்பதை இழுக்கும்போதே அறிவான். அவனிடம் தொழில் பயிலும் மாணாக்கனும் அறிவான் என்று பகவன் சேர்த்துக் கொண்டதை நாம் கவனிக்க வேண்டும். நேற்று வந்த பையனுக்கும் இதில் இடமுண்டு.

நாம் நூற்பாலையில் இருந்த ஆண்டுகளில் இதனைக் கண்ணாரக் கண்டோம். பல நூறு கதிர்கள் சுழலும் ரிங் பிரேமின் முன் நடந்து கொண்டிருக்கும் பழகிய தொழிலாளி, ஒவ்வொரு கதிரையும் முறைத்துப் பார்ப்பதில்லை. ஆயினும் ஓர் இழை அறுந்தால் அவன் தலை தானே அப்பக்கம் திரும்பும். பதற்றமில்லாத இந்தக் கவனிப்பைத்தான் மூச்சின்மீது வைக்க வேண்டும். கைத்தொழில் செய்வோர்க்கு இது புதிதன்று.

5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் விசுத்திமக்கம் இயற்றிய ஆசாரியர் புத்தகோசரும் அவ்வழியே சென்றார். காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தவர் அவர் என்பது தமிழர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. மூச்சை எண்ணுவதற்கு அவர் காட்டுவது தானியம் அளப்பவனையும், தொழுவத்தின் வாயிலில் மாடுகளை எண்ணும் இடையனையும். மூச்சு தொடும் இடத்தில் மட்டும் கருத்தை நிறுத்துவதற்கு மரம் அறுப்பவனைக் காட்டுகிறார். வாள் முன்னும் பின்னும் சென்றாலும், அவன் நோக்கு வாளின் பல் மரத்தைத் தொடும் இடத்திலேயே நிற்கும். இத்தனை உழைப்பாளிகளைச் சாட்சிக்கு அழைத்த பயிற்சியை உழைப்பாளிக்கு உரியதன்று என்பது எங்ஙனம் பொருந்தும்?

இனி ஓர் எச்சரிக்கை. மூச்சை அடக்குவதே தியானம் என்று பலர் எண்ணி, மூக்கைப் பிடித்துக்கொண்டு முகம் சிவக்க அமர்கின்றனர். பகவன் ஞானம் பெறுமுன் இதனையும் செய்து பார்த்தவரே. வாயாலும் மூக்காலும் காதாலும் மூச்சைத் தடுத்தபோது தலையை வார்கொண்டு இறுக்கியது போன்ற வலியும், வயிற்றை அறுப்பது போன்ற வேதனையும் உண்டாயின என்று மகாசச்சக சூத்திரத்தில் அவரே கூறுகிறார். அவ்வழியை அவர் விட்டார். பின்னர், சிறுவனாய் நாவல் மரத்து நிழலில் அமைதியாக அமர்ந்திருந்ததை நினைவுகூர்ந்து, அதுவே வழியெனத் தேர்ந்தார். ஆகவே மூச்சை நாம் நடத்த வேண்டா. அது நடப்பதை அறிந்தால் போதும்.

செய்முறை எளிது. வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, பாயிலோ நாற்காலியிலோ முதுகை நிமிர்த்தி அமர்க. கண்கள் மூடியிருக்கலாம். மூக்கின் நுனியில் காற்று தொடும் இடத்தைக் கவனிக்க. ஒரு மூச்சு உள்ளே சென்று வெளியே வந்தபின் ஒன்று என்க. இவ்வாறு பத்துவரை எண்ணி, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குக. ஐந்துக்குக் குறைய நிறுத்தாமலும் பத்தைக் கடவாமலும் எண்ணுவது புத்தகோசர் வகுத்த அளவு. நான்காம் எண்ணுக்குள் மனம் மளிகைக் கடன்மீதும் மகள் திருமணத்தின்மீதும் சென்றுவிடும். சென்றது தெரிந்தவுடன் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதுதான். தன்னைத் தானே வைது கொள்வதால் பயனில்லை. நாள்தோறும் பத்து நிமிடம் போதும். ஒருநாள் இரண்டு மணி நேரம் அமர்ந்து, பின் ஒரு மாதம் மறப்பதனால் ஆவதொன்றுமில்லை.

எண்ணிக்கை நிலைத்தபின், முழு உடலையும் உணர்ந்து மூச்சு விடுதல் என்னும் அடுத்த படி வரும். உடல் என்றது மூச்சின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையுமே என்பர் உரைகாரர். இந்தச் சதையுடலையே என்று கொள்வாரும் உளர். உழைப்பாளிக்கு இரண்டாவது பொருளே மிகவும் உதவும் என்பது நம் கருத்து. தோள்கள் காதுவரை ஏறியிருப்பதும், பற்கள் கடிபட்டிருப்பதும், அடிவயிறு இறுகியிருப்பதும் அமர்ந்து பார்த்தால்தான் தெரியும். மேஸ்திரி ஏசும்போது மூச்சு மேல்மார்பிலேயே நின்றுவிடுகிறது. அதை வீட்டுக்குச் சுமந்து சென்றே பலர் மனைவி மக்கள்மீது சீறுகின்றனர், சிலர் கள்ளுக்கடையை நாடுகின்றனர். மூச்சு நின்றதை அந்நேரத்திலேயே அறிந்தவனுக்கு, வாய் திறக்குமுன் ஒரு கணம் கிடைக்கிறது.

மருத்துவ நூலும் இதற்கு மாறன்று. மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சுத் துடிப்பு சற்று விரையும்; விடும்போது வேகஸ் என்னும் நரம்பின் செயலால் தணியும். ஓய்ந்திருக்கும் வயதுவந்தோர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 12 முதல் 20 முறை மூச்சு விடுவர். அமைதியாகக் கவனிக்கும்போது அவ்வெண்ணிக்கை தானே குறையக் காண்பீர். குறைக்க முயல வேண்டா.

ஆனால் ஆனாபானசதி நுரையீரல் நோய்க்கு மருந்தன்று. கார்டிங், புளோரூம் பகுதிகளில் பஞ்சுத்தூசு உண்போர்க்கு, வார ஓய்வு கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளன்று நெஞ்சு இறுகும். அது பிஸ்ஸினோசிஸ் என்னும் நோயின் அடையாளமாகலாம். தொடக்கத்தில் தூசியினின்று விலகினால் தணியும், முற்றினால் நிலைத்துவிடும். அத்தகையோர் மூச்சைக் கவனித்துக்கொண்டு வீட்டில் அமர்ந்திராமல் மருத்துவரிடம் செல்க. சளியும் இருமலும் இரண்டு வாரம் நீடிப்போர் காசநோய்ப் பரிசோதனையும் செய்துகொள்க. ஓடும் யந்திரத்தின்முன் நின்று மூச்சை எண்ணுதலும் கூடாது. அங்கே கையும் கண்ணும் வேலையிலேயே இருக்க வேண்டும்.

இரவு ஷிப்டு முடித்து வருவோர் அமர்ந்தவுடன் உறங்கிவிடுவதாகக் குறைப்படுகின்றனர். உடல் கேட்பதைக் கொடுத்துவிட்டு, உறங்கி எழுந்தபின் அமர்க. அப்போதும் கண் செருகுமாயின் எழுந்து நின்று செய்யலாம், நடந்தும் செய்யலாம். நிற்றல், நடத்தல், இருத்தல், கிடத்தல் ஆகிய நான்கிலும் விழிப்போடிருக்கப் பகவன் அதே சூத்திரத்தில் கூறியுள்ளார்.