கடலும் காற்றும் கணினியும்

வெப்பக் கடலிலிருந்து ஆவியாகும் நீரே புயலுக்கு ஆற்றலளிக்கிறது. ஆயினும், தன்னை வளர்க்கும் கடலையே புயல் குளிர்விக்கிறது. வன்காற்று கடலைக் கலக்க, ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகிறது. புயலுக்குக் கிடைக்கும் ஆற்றல் குறைகிறது.

கடல் வெப்பநிலையை மாறாததாகக் கொண்ட கணினி மாதிரிகள், புயலின் வலிமையைப் பல நேரங்களில் மிகுத்துக் கணித்தன. எனவே, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வகத்தில் உருவான புயல் மாதிரியோடு கடல் மாதிரியும் இணைக்கப்பட்டு, 2001ஆம் ஆண்டு முன்கணிப்புப் பணிக்கு வந்தது. காற்றின் விசையைக் கடல் மாதிரி பெறும். மாறிய வெப்பநிலையைக் காற்று மாதிரி பெறும். இப்பரிமாற்றம் இடையறாது நிகழும்.

2005ஆம் ஆண்டு கத்ரினா புயல், மெக்சிகோ வளைகுடாவில் ஆழம்வரை வெப்பம் செறிந்த நீரோட்டத்தைக் கடந்தபோது கடுமையுற்றது. கலக்கினாலும் எளிதில் குளிராத நீர் அது. ஆகவே, கடலின் மேற்பரப்பை மட்டுமன்றி ஆழத்தையும் அறிந்த கணிப்பே, கரையோர மக்களை உரிய நேரத்தில் காக்கத் துணைபுரியும்.