கோபி முதல் அல்தாய் வரை: புறப்படுமுன் போட வேண்டிய கணக்கு

மங்கோலியாவின் பரப்பு ஏறத்தாழ 15.6 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள்தொகையோ 35 லட்சம் அளவே. அவர்களிலும் பாதிப்பேர் வரை தலைநகர் உலான்பாத்தரில் வாழ்கின்றனர். நகரைக் கடந்தால் புல்வெளியும் பாலையும் மலையுமே. இத்தகைய நாட்டில் நமது செலவைத் தீர்மானிப்பது விடுதியின் தரத்தைவிடத் தொலைவே ஆகும்.

பருவமும் பாதையும்

ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை பயணத்திற்கு ஏற்ற காலம். ஜூலை 11 முதல் 13 வரை நாதம் திருவிழா நடைபெறுவதால், அந்நாட்களுக்கு விமான இருக்கையையும் தங்குமிடத்தையும் முன்னதாகவே பதிவு செய்தல் நலம்.

தெற்கே கோபிப் பாலையில், 1923-இல் டைனோசர் முட்டைகள் கண்டெடுக்கப்பட்ட பயன்சாக் செம்பாறைகளும், 100 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கோங்கோரின் மணற்குன்றுகளும் உள்ளன. மேற்கே அல்தாய் மலைத்தொடரில் 4,374 மீட்டர் உயரமுள்ள குய்தன் சிகரம் நிற்கிறது. தலைநகரிலிருந்து மேற்கு எல்லைக்குச் சாலைவழி 1,500 கிலோமீட்டருக்கு மேல். பத்து நாள் விடுப்பில் இரண்டையும் தரைவழியே காண முயல்வது வீண் அலைச்சல். ஒன்றைத் தேர்வதே அறிவுடைமை. அந்தப் பத்திலும் எட்டு நாட்களுக்கே திட்டமிட்டு, மழை, வண்டிப் பழுது, விமானத் தாமதம் ஆகியவற்றுக்கென இரண்டு நாட்களை ஒதுக்குவோம்.

பணத்தை மூன்றாகப் பிரித்தல்

முதற்பகுதி, முன்கூட்டிச் செலுத்துவது. வண்டி, ஓட்டுநர், எரிபொருள், உணவு ஆகியவற்றில் எவை கட்டணத்துள் அடங்கும் என்பதை எழுத்துவழி உறுதிசெய்து கொள்ள வேண்டும்.

இரண்டாம் பகுதி, கையிருப்பு ரொக்கம். நாட்டுப்புறக் கூடாரத் தங்குமிடங்களில் அட்டை செல்லும் என்று நம்பியிருத்தல் ஆகாது. டாலரைத் தலைநகரில் துக்ரிக் நாணயமாக மாற்றி, சிறு தாள்களாகவும் பெற்றுக்கொண்டே புறப்பட வேண்டும். இத்தகைய பயணத்திற்கு ஒருவர் 3,000 டாலர் வரை அந்நியச் செலாவணித் தாள்களாக வாங்கலாம். எஞ்சியதைப் பயண அட்டையில் ஏற்றலாம்.

மூன்றாம் பகுதி, தொடாத சேமிப்பு. இதனை வேறோர் அட்டையில், வேறொரு பையில் வைப்போம். அந்த அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டு வசதியைப் புறப்படுமுன் நாமே இயக்கி வைத்தல் அவசியம்.

காப்பீடு

பாலையின் நடுவே ஒருவர் கீழே விழுந்து எலும்பு முறிந்தால், நல்ல மருத்துவமனை பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். ஆகவே, சிகிச்சைச் செலவை மட்டுமன்றி, நோயாளியை அவ்விடத்திலிருந்து கொண்டுசேர்க்கும் செலவையும் ஏற்கும் காப்பீட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். குதிரையேற்றமும் மலையேற்றமும் அதில் அடங்குமா என்பதைக் கையொப்பமிடுமுன் படித்தறிவோம்.

திரும்பிய பின்

எஞ்சிய துக்ரிக்கை அந்நாட்டிலேயே மாற்றிவிடுவது எளிது. மீந்த டாலரில் 2,000 வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை 180 நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். தொடாத சேமிப்பு தொடப்படாமலே வீடு திரும்புமாயின், அதுவே அடுத்த பயணத்தின் முதல் தவணை.